ஒரே தோல், வேறு வேறு காற்று

தாராவியில் எனக்கு ஒரு தோல் பை பட்டறை இருக்கிறது. கீழே கட்டிங்கும் ஒட்டு வேலையும், ஏணி ஏறிப் போனால் தையல் மெஷின்கள், அதற்கும் மேலே தகரக் கூரைக்கு அடியில் சரக்கு. ஏழு பேர் வேலை செய்கிறார்கள். ஏழு வயதில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவள் நான். கல்யாணமான பிறகு ஒரு பை கம்பெனியில் பத்து வருஷம் மெஷின் மிதித்துவிட்டு, அதன் பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். தோலைத் தடவிப் பார்த்தே ஆடா எருமையா, முதுகா வயிறா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தத் தோலைச் சுற்றி இருக்கிற காற்றைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு மழைக்காலமும் இரண்டு புகார்களும் தேவைப்பட்டன.

அந்த வருஷம் ஜூன் கடைசியில் ஒரு ஹோட்டல் கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது. பல ஊர்களில் ஹோட்டல் நடத்துகிறவர்கள். ஒவ்வொரு ஹோட்டலிலும் வந்து தங்குகிறவர்கள் வாங்கிப் போக ஒரு சின்னக் கடை. அந்தக் கடைகளுக்குச் சரக்கு எடுக்கும் பொறுப்பில் இருந்தவர் மாட்டுங்காவில் வசிக்கும் பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர் என்றாலும் நான் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவேன்.

"ஜோத்பூருக்கு அறுபது, குன்னூருக்கு அறுபது. ரெண்டு ஊருக்கும் ஒரே டிசைன், ஒரே கலர். தீபாவளிக்கு முன்னாடி கடையில இருக்கணும். முடியுமா முடியாதான்னு இப்பவே சொல்லிடுங்கோ," என்றார்.

"முடியும் மேடம்," என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

ஜூலையில் வேலை ஆரம்பித்தது. தாராவியின் பெரிய தெருவான தொண்ணூறு அடி ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் சந்தில் காலையில் வாசலில் வைத்த மணல் மூட்டை சாயங்காலம் வரை நனைந்துகொண்டே இருந்தது. அந்த மழைக்கு நடுவில் நூற்றிருபது பைகளையும் வெட்டி, ஒட்டி, தைத்து முடித்தோம். பையை மூடும் மடல் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக ஓரத்தில் தையல் தெரியாமல் தோலையும் உள்துணியையும் பசையால் மட்டுமே ஒட்டச் சொன்னேன். ஆகஸ்ட் கடைசியில் ஒவ்வொரு பையையும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, வாயை டேப்பால் இறுக்கி ஒட்டினேன். அதை மட்டும் வேறு யாரிடமும் விடவில்லை. போகிற வழியில் ஒரு சொட்டு மழை உள்ளே போய்விடக் கூடாது என்று நானே உட்கார்ந்து நூற்றிருபதையும் ஒட்டினேன்.

அக்டோபர் நடுவில், ஒரே வாரத்தில், மேடத்திடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. முதலில் ஜோத்பூர் படங்கள். பைகளின் கைப்பிடி விறைத்து நிற்கிறது, ஓரத்துச் சாயம் வெடித்திருக்கிறது, மடலில் தோல் ஒரு பக்கம் உள்துணி ஒரு பக்கமாகப் பிரிந்து வாய் பிளந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்துக் குன்னூர் படங்கள். அங்கே ஒட்டு ஒன்றும் பிரியவில்லை. ஆனால் பழுப்புத் தோல் மேல் மாவு தூவியது மாதிரி வெள்ளைப் பூசணம்.

"இப்படி ஒரு சரக்கை நான் பாத்ததே இல்லை," என்றார் மேடம். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போனை வைத்துவிட்டு நேராகக் கீழே இறங்கினேன். எங்கள் பட்டறையில் பசை வேலையை ஒரு தம்பிதான் பார்த்துவந்தார். அவருக்கும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். மான்குர்த்தில் வீடு, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். பதினோரு வருஷமாக என்னோடு இருப்பவர். போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"ஏன் தம்பி, இதென்ன லட்சணம்? பதினோரு வருஷமா பேஸ்டிங் பண்ணுத, பசை காயுத வரைக்கும் உனக்குப் பொறுக்காதோ?"

"காஞ்ச பொறவுதான்க்கா ஒட்டுனேன்."

"ஒட்டுன அழகுதான் தெரியுதே. அடுத்த படத்தப் பாரு. பூசணம்! கையத் தொடைக்காம ஈரக்கையோட தோலத் தொட்டிருக்க."

அவர் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். நிதானமாகத்தான் பேசினார். "அக்கா, என் கையில பிசகு இருந்தா ரெண்டு ஊர்லயும் ஒரே பிசகுல்லா வரணும்? ஒரு ஊர்ல காஞ்சு போச்சுங்கீய. இன்னொரு ஊர்ல பூசணம்ங்கீய. ரெண்டையும் நானே எப்பிடிப் பண்ண முடியும்?"

"எதுத்துப் பேசாத. தப்பு பண்ணுனா பண்ணுனேன்னு சொல்லு."

மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. மேலேயிருந்து இரண்டு பேர் ஏணியில் குனிந்து பார்த்தார்கள். தம்பி பிரஷ்ஷைக் கழுவி அதன் இடத்தில் வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து மேஜை மேல் வைத்தார். "செய்யாத தப்ப ஒத்துக்கிட முடியாதுக்கா," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் கூப்பிடவில்லை. வீம்பு.

அதற்கு அடுத்த நான்கு நாட்களும் பசை வேலையை நானே பார்த்தேன். நாலாவது நாள் மத்தியானம், சுவரில் ஆணியில் தொங்கிய பை கண்ணில் பட்டது. அதே ஆர்டருக்குச் செய்ததில் மாதிரிக்காக நான் வைத்துக்கொண்ட நூற்றிருபத்தோராவது பை. ஆகஸ்டிலிருந்து அங்கேயே, கவரில்லாமல் தொங்குகிறது. எடுத்துப் பார்த்தேன். கைப்பிடி மெத்தென்று வளைந்தது. மடல் பிரியவில்லை. பூசணமும் இல்லை.

பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே தோல், ஒரே பசை, அதே மனிதரின் கை. ஜோத்பூரில் ஒரு நோய், குன்னூரில் வேறொரு நோய், தாராவியில் நோயே இல்லை. கை மாறவில்லை. ஊர்தான் மாறியிருக்கிறது. இதைத்தானே தம்பி என் முகத்துக்கு நேராகச் சொன்னார்? அன்று மனதுக்குள் வந்த அவமானத்தை இப்போது எழுதும்போதும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தவரிடம் சொன்னேன். தம்பிக்குப் போன் போடட்டுமா என்று கேட்டேன்.

"போன்ல திட்டலைலா நீ?" என்றார். "நேர்ல நின்னுதான திட்டுன. அப்போ நேர்லதான் போகணும்."

மறுநாள் குர்லாவில் ஹார்பர் லைன் ரயிலுக்கு மாறி மான்குர்த் போனேன். தம்பி வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு செருப்புக் கடையில் அடித்தோல் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அது எனக்கு வசதியாகவே இருந்தது.

"தம்பி, உன் கையில பிசகு இல்ல. நான்தான் பிசகிட்டேன். அன்னைக்கு நாலு பேரு முன்னால திட்டுனேன், இன்னைக்கு நாலு பேரு முன்னால சொல்லுதேன். அங்க வந்தாலும் எல்லாரும் கேக்க இன்னொரு தடவ சொல்லுவேன்."

அவர் செருப்பைக் கீழே வைத்தார். "அப்போ பிசகு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இல்ல. காத்துலதான் ஏதோ இருக்கு. என்னன்னு தெரியல."

"அத முதல்ல கண்டுபிடிங்கக்கா. மன்னிப்புக் கேட்டுட்டு அடுத்த மழையில மறுபடியும் என்னையே திட்டுனா நான் என்ன செய்ய?" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. நியாயமான கேள்வி. திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். நானும் எல்லோரையும் கீழே கூப்பிட்டு, சொன்னபடி இன்னொரு தடவை சொன்னேன்.

அந்த வாரமே மின்சாமான் கடைகள் நிறைந்த லோகார் சால் பஜாரில் ஒரு கடையில் சின்ன மீட்டர் இரண்டு வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே சூட்டின் அளவு காட்டும், கீழே காற்றில் எவ்வளவு ஈரம் என்று நூற்றுக்கு இத்தனை என்று காட்டும். மேடத்துக்குப் போன் செய்து, "கெட்டுப்போன பைகள நானே அங்க போயி சரி பண்ணித் தாரேன். ஒரு பைகூடத் திரும்பி வர வேண்டாம்," என்றேன்.

"நீங்களே போறேளா? ஜோத்பூருக்கா?"

"ஆமா மேடம். குன்னூருக்கு எங்க தம்பி போவாரு."

அவர் நாங்கள் கிளம்பும் தேதிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, ஹோட்டலில் தங்க இடம் சொல்லிவிடுகிறேன் என்றார்.

அக்டோபர் கடைசியில் பாந்த்ராவிலிருந்து கிளம்பினேன். என் மகன் ஏசி பெட்டியில் டிக்கெட் போடுகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். ஏசிக்குள் உட்கார்ந்தால் மீட்டர் ஏசியைத்தான் அளக்கும். ஜன்னல் திறந்த சாதாரணப் பெட்டியில், மீட்டரை ஜன்னல் கம்பியில் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். பாந்த்ராவில் அறுபத்தெட்டு. வாபி தாண்டியும் அறுபதுக்குப் பக்கத்தில். கடலை விட்டு ரயில் விலக விலக எண் இறங்கியது. எதிரில் இருந்த மார்வாடி அம்மாள் அது என்ன கடிகாரமா என்று இந்தியில் கேட்டார். ஈரத்தை அளப்பது என்றேன். "எங்க ஊர்ல அதுக்கு வேலையே இருக்காதே," என்று சிரித்தார்.

விடியற்காலையில் ஜோத்பூரில் இறங்கியபோது குளிரில் உடம்பு நடுங்கியது. பத்தொன்பது டிகிரி. பாலைவனத்துக்குப் போகிறோம் என்று ஒரு சால்வைகூட எடுத்துப் போகவில்லை நான். ஈரம் நாற்பது காட்டியது. அதே நாள் மத்தியானம் முப்பத்தாறு டிகிரி வெயில், ஈரம் பதினெட்டு. பம்பாயில் முப்பத்திரண்டிலேயே ஜாக்கெட் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இங்கே நான்கு டிகிரி கூடுதல் வெயிலில் நடக்கிறேன், வேர்வையே தெரியவில்லை. வேர்க்கவில்லை என்று முதலில் நினைத்தேன். தப்பு. வேர்க்கிறது. வேர்த்த அந்த நிமிஷமே காற்று அதைக் குடித்துவிடுகிறது. சாயங்காலத்துக்குள் உதடு வெடித்தது. குளித்துவிட்டு உலர்த்திய சேலை தலை சீவி முடிப்பதற்குள் காய்ந்து நின்றது.

அப்போதுதான் குளிருக்கும் காரணம் பிடிபட்டது. பம்பாயில் காற்றில் இருக்கும் ஈரம் போர்வை மாதிரி. பகல் சூட்டை ராத்திரி வரை பிடித்து வைத்திருக்கும். பக்கத்தில் கடல் வேறு. அதனால் பகலுக்கும் ராத்திரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கே போர்வை கிடையாது. சூரியன் போனதும் சூடும் போய்விடுகிறது.

ஹோட்டல் கடைக்காரர் வயதில் சின்னவர், பேசும்போதெல்லாம் கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். விற்றது போக நாற்பத்திமூன்று பைகள், எல்லாம் வந்தவுடனே கவரைப் பிரித்து அலமாரியில் வைத்தவை. "மேடம்ஜி, நான் வெயிலில் வைக்கவே இல்லை. எல்லாம் உள்ளேதான் இருந்தது," என்று இந்தியில் மூன்று தடவை சொன்னார். பாவம், அவரையும் யாரோ திட்டியிருக்க வேண்டும். உங்கள் மேல் தப்பு இல்லை என்றேன்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு காரியம் செய்தேன். நன்றாக வாய் பிளந்த ஒரு பையை என் அறையின் குளியலறையில் மாட்டி, அடியில் ஒரு வாளி நிறையச் சுடுதண்ணீர் வைத்துக் கதவைச் சாத்தினேன். அதற்கு முன் மடலை டேப்பால் அளந்து எழுதி வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் மீட்டர் எண்பத்தைந்து காட்டியது, கைப்பிடி தாராவியில் இருந்த மாதிரி வளைந்தது. மடலை அளந்தேன். ஒரு நூல் அளவு நீளம் கூடியிருந்தது. பிளந்த வாய் பாதி மூடியிருந்தது. பையை வெளியே கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது அந்த ஒரு நூல் மறுபடியும் குறைந்து, வாய் பழையபடி பிளந்திருந்தது.

அந்த அறையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். விஷயம் அவ்வளவுதான். ஜூலையில் தாராவிக் காற்றில் தோல் தண்ணீர் குடித்து விரிந்திருந்தது. விரிந்த தோலை அளந்து வெட்டி, உள்துணியோடு ஒட்டினோம். ஜோத்பூர்க் காற்று அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டதும் தோல் சுருங்கியது. துணி சுருங்கவில்லை. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் நடுவில் இருக்கும் பசை என்ன செய்யும்?

ஆறு நாள் அங்கே இருந்தேன். ஒவ்வொரு மடலையும் முழுசாகப் பிரித்தேன். தோலுக்கு எண்ணெய் கொடுத்தேன். சுருங்கிய தோலின் அளவுக்கு உள்துணியை வெட்டிக் குறைத்து, இந்தத் தடவை பசையை நம்பாமல் மெழுகு நூலால் ஓரம் முழுக்கக் கையால் தைத்தேன். தையல் தெரிந்தால் அழகு குறையும் என்று பயந்தேன். கடைக்காரருக்கு அதுதான் பிடித்திருந்தது. நான் கிளம்புவதற்கு முன்பே ஐந்து பைகள் விற்றுவிட்டன.

நான் திரும்பிய மறுநாள் தம்பி குன்னூருக்குக் கிளம்பினார். பம்பாயில் அப்போது வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மழை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் அவரிடமிருந்து போன்.

"அக்கா, மீட்டர் தொண்ணூத்தாறுல நிக்கி. ரிப்பேரோன்னு ரெண்டு தட்டு தட்டிப் பாத்தேன். அப்பவும் தொண்ணூத்தாறுதான்."

"அங்க மழையா?"

"என்னக்கா இப்பிடிக் கேக்கீய? ஐப்பசில்லா நடக்கு! மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறும்போது பிடிச்ச மழை, இன்னும் விடல. ஜன்னலத் தொறந்தா மேகம் கடைக்குள்ளயே வந்துருது. எங்க அம்மாகிட்டப் பேசுனேன், நம்ம ஊர்லயும் ரெண்டு நாளா ஊத்துதாம்."

ஐப்பசி, கார்த்திகையில்தான் எங்கள் ஊருக்கு மழை வரும் என்பது நான் பிறந்ததிலிருந்து கேட்டுவருவது. ஆனாலும் முப்பத்தைந்து வருஷம் பம்பாயில் இருந்ததில், மழை என்றால் ஜூனில் வந்து செப்டம்பரில் போவது என்று என் மூளையில் பதிந்துவிட்டிருந்தது. சரக்கை ஆகஸ்ட் கடைசியில் கட்டி அனுப்பியபோது, இனிமேல் எங்கும் மழை இல்லை, பயமில்லை என்றுதான் நினைத்தேன். பம்பாயின் காலண்டரை நாடு முழுக்க மாட்டி வைத்துவிட்டேன். இங்கே மேற்கே கடலிலிருந்து காற்று வரும்போது எங்களுக்கு மழை. அந்தக் காற்று திரும்பி கிழக்கே இருந்து வீசும்போது எங்களுக்கு வெயில், குன்னூருக்கு அடைமழை.

"இன்னொண்ணு சொல்லணும்க்கா," என்றார் தம்பி. குரலில் ஒரு தயக்கம். "கடையில வெளிய எடுத்து மாட்டுன பையி பத்துப் பன்னெண்டு இருக்கு. இந்த ஈரத்துலயும் அதுல லேசாத்தான் பூசணம். துடைச்சா போயிருது. கவரப் பிரிக்காம உள்ள அடுக்கி வச்சிருக்கதுலதான் மொத்தமும். பிரிச்சா உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நிக்கி."

"கவருக்குள்ள தண்ணி எப்பிடிப் போச்சு?"

"வெளியருந்து போகலக்கா. தோலுக்குள்ள இருந்த தண்ணிதான். வெளிய போக வழியில்லாம உள்ளயே நிக்கி."

மேஜை மேல் கிடந்த டேப் சுருளைப் பார்த்தேன். போனில் குன்னூர் மழைச் சத்தம் கேட்டது.

"கவர ஒட்டுனது நான்தான்," என்றேன்.

"அது எனக்குத் தெரியும்க்கா. நீங்க சொல்லட்டும்னுதான் இருந்தேன்." அவர் சிரித்தது கேட்டது. நானும் சிரித்துவிட்டேன். மழை உள்ளே போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ஒட்டிய நான், தாராவி மழையை உள்ளே வைத்தே அனுப்பியிருக்கிறேன்.

ஹோட்டல் சமையலறையில் ரொட்டி சுடும் அடுப்புக்குப் பின்புறம் ஓர் அறை எப்போதும் கதகதப்பாக இருந்தது. தம்பி அங்கே கெஞ்சிக் கூத்தாடி இடம் வாங்கி, எல்லாப் பைகளையும் பிரித்துத் துடைத்து, நான்கு நாள் கொடியில் மாட்டிக் காயவைத்தார். காகிதத்தில் சுற்றிவைக்கச் சொல்லிக் கடைக்காரப் பெண்ணுக்குப் பழக்கிவிட்டு வந்தார். ஏழு பைகள் தேறவில்லை. அந்த ஏழுக்கும் புதிதாகச் செய்து அனுப்பினோம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் மீட்டரும் கையுமாகத்தான் அலைந்தேன். எங்கள் பட்டறைக்குள்ளேயே தரைக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் ஐந்து டிகிரி வித்தியாசம் இருந்தது. செம்பூரில் என் நாத்தனார் வீடு மூன்றாவது மாடி. அடுத்த ஜூனில் மழை ஆரம்பித்த பிறகும் ஒரு நாள் அங்கே அளந்தேன். எங்கள் பட்டறைத் தரையைவிட ஈரம் பத்துப் புள்ளி குறைவு. அதே நகரம், அதே மழை, அரை மணி நேர பஸ் தூரம். அவர்கள் கட்டடத்திலேயே மேல் மாடியில் பூட்டிக் கிடந்த ஓர் அறையை வாடகைக்குப் பேசி, தோலையும் முடிந்த சரக்கையும் அங்கே மாற்றினேன். பழைய ஏசி ஒன்று வாங்கிப் போட்டேன். குளிர்ச்சிக்கு இல்லை, ஈரத்தை உறிஞ்சுவதற்கு. மீட்டர் ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கி ஒரு வாரம் நின்றால்தான் தோலை வெட்டலாம் என்று தம்பியும் நானும் முடிவு செய்தோம். பிளாஸ்டிக் கவர் எங்கள் பட்டறைக்குள் அதன் பிறகு வரவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஊர் ஊராக. சரக்கு போகிற ஒவ்வொரு ஊரிலும் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்பேன். உங்கள் ஊரில் மழை எந்த மாதம்? காற்று எந்தப் பக்கமிருந்து? பகலுக்கும் ராத்திரிக்கும் எவ்வளவு வித்தியாசம்? முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர்களே போன் செய்து சொல்ல ஆரம்பித்தார்கள். பூனாக்காரர், மலை மேல் லோனாவ்லாவில் கொட்டுகிற மழையில் பாதிகூடத் தனக்கு வருவதில்லை என்றார். சென்னைக்காரர், எங்களுக்கு மே மாதம் வெயிலோடு கடல் ஈரமும் சேர்ந்து இரட்டைத் தண்டனை என்றார். அதைக் கேட்டு, பைக்கு வைக்கிற பித்தளைக் கொக்கிக்குக் கடல் ஈரத்தில் கறுக்காத பூச்சாக மாற்றினேன்.

அடுத்த வருஷம் மார்ச்சில் மேடம் என்னை மாட்டுங்காவுக்கு வரச் சொன்னார். ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, மூணாறில் புதுக் கடை திறக்கிறோம், ஜூலை கடைசியில் நூறு பை வேண்டும் என்றார்.

"ஜூலையில தர மாட்டேன் மேடம்."

காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. "வேண்டாங்கறேளா?"

"ஆர்டர் வேணும். ஜூலைதான் வேண்டாம். அப்போ இங்கயும் மழை, அங்கயும் மழை. இப்பத் தோல் நல்லாக் காஞ்சிருக்கு. ஏப்ரல்ல செஞ்சு, மே பத்துக்குள்ள மூணாறுல கொண்டு இறக்கிருதேன். கவர் கிடையாது, காகிதந்தான். கடையில எந்தச் சுவரு ஓரம் வைக்கக் கூடாதுன்னும் தம்பி போயி பாத்துச் சொல்லிருவாரு."

"கடை திறக்கறதே ஜூலையிலதானே. ரெண்டு மாசம் சரக்கு சும்மா இருக்குமே."

"நல்லா இருக்கும் மேடம். ஜூலையில வந்தாத்தான் கெட்டுப்போகும்."

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க அவ்வளவாக வராது. விரலை வைத்து எழுத்துக்கூட்டி ஒவ்வொரு ஊராகப் படித்தார். ஜோத்பூர் பக்கத்தில் நான் வரைந்திருந்த பிளந்த மடல் படத்தைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது காபிக்குச் சொன்னார். மே பத்து என்று அவரே தன் போனில் குறித்துக்கொண்டார்.

மூணாறிலிருந்து அந்த மழைக்காலத்தில் ஒரு புகார்கூட வரவில்லை. ஜோத்பூருக்கு இப்போது தையல் தெரியும் பைகள் மட்டும்தான் போகின்றன. குன்னூருக்குப் பிப்ரவரியில் அனுப்புகிறோம். என் பட்டறையில் இன்று பசை எப்போது போடலாம், போடக் கூடாது என்று முடிவு செய்வது தம்பிதான். மீட்டரைப் பார்த்துவிட்டு அவர் வேண்டாம் என்று தலையாட்டினால் நான்கூடப் பேச முடியாது.

போன செப்டம்பரில் மேடம் போன் செய்தார். ஆர்டர் விஷயமாக இல்லை.

"அப்பா அம்மாவை டார்ஜிலிங் அழைச்சுண்டு போகலாம்னு இருக்கேன். எப்ப போனா நன்னா இருக்கும்? போன்ல பாத்தா ஒவ்வொருத்தர் ஒண்ணொண்ணு சொல்றா. உங்ககிட்டக் கேட்டுடலாம்னு தோணித்து."

"டார்ஜிலிங்குக்கு நான் சரக்கு அனுப்புனதில்ல மேடம். தெரியாத ஊரப் பத்திச் சொல்ல மாட்டேன். ஆனா மழை முடிஞ்ச பொறவு போங்க. அங்க எப்போ முடியும்னு அங்க இருக்கவங்ககிட்டயே கேளுங்க. பம்பாயில முடிஞ்சாச்சுன்னு கிளம்பிராதீங்க."

நவம்பரில் போய்விட்டு வந்தார். மலை தெளிவாகத் தெரிந்ததாம், அப்பாவுக்குக் குளிர்தான் தாங்கவில்லையாம். வந்த கையோடு அங்கே ஒரு ஹோட்டல்காரரின் நம்பரையும் கொடுத்தார். அவரிடம் இரண்டு தடவை பேசியிருக்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் அங்கே காற்று காய்ந்திருக்கும் என்கிறார். வருகிற மார்ச்சில் முதல் இருபது பைகளை அனுப்பப் போகிறோம். நோட்டில் அந்த ஊருக்கு ஒரு புதுப் பக்கம் ஒதுக்கியாகிவிட்டது. இந்தத் தடவை சரக்கு போய்ச் சேரும்போது தானும் அங்கே இருக்க வேண்டும் என்று தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன்.